ஒன்பதரை மணிக்கு விரிந்திருக்கும் பூ

எங்கள் வீட்டுத் தொட்டியில் வெள்ளை அல்லி ஆவணிக் கடைசியில் பூத்தது. அன்றிலிருந்து நிற்கவில்லை. ஒரு பூ தண்ணீருக்குள் அமிழ்வதற்குள் அடுத்த மொட்டு மேலே வந்துவிடுகிறது. மதுரை வெயிலையும் போர்வெல் தண்ணீரையும் வைத்துக்கொண்டு அல்லி வளர்க்க நினைக்கிறவர்களுக்கு உதவட்டும் என்று செய்ததை வரிசையாக எழுதுகிறேன். என்னைப் போலக் காதல் கதை எழுதுகிறவர்களுக்கு இது இன்னும் கூடுதலாக உதவும்.

தொட்டியின் தேவை நான் எழுதிக்கொண்டிருந்த ஒரு நாவலிலிருந்து வந்தது. நாகமலை புதுக்கோட்டையில் ஒரே காம்பவுண்டில் குடியிருக்கும் இரண்டு பேரின் கதை. அவளுக்கு விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில் வேலை. காலை எட்டு மணிக்கு பஸ் ஏறினால் இரவு ஒன்பதரைக்குத்தான் வந்து இறங்குவாள். அவன் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடையில் எடை போடுகிறவன். நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்குக் கிளம்பிவிடுவான். காம்பவுண்டின் நடுவில் ஒரு தண்ணீர்த் தொட்டி, அதில் ஒரு நீல ஆம்பல், அதாவது நீல அல்லி. இருவரும் ஒருவரையொருவர் கவனிக்கத் தொடங்குவது அந்தப் பூவை முன்னிட்டுத்தான். நீலத்தைத் தேர்ந்தெடுத்தது நிறத்துக்காக. அவள் விற்கும் பட்டுப் புடவைகளில் அதே நீலத்தில் ஒன்று பின்னால் வரவேண்டியிருந்தது.

சமணர் மலை அடிவாரத்தில் கீழக்குயில்குடி தாமரைக் குளத்தைச் சிறு வயதிலிருந்து பார்த்து வருகிறேன். தாமரை பற்றி எழுதத் தயக்கம் இல்லை. ஆம்பலை அப்படி நாள் முழுக்கக் கூட இருந்து பார்த்ததில்லை. எழுதும் மேஜையிலிருந்து எட்டிப் பார்க்கிற தூரத்தில் ஒன்று வேண்டும் என்று தோன்றியது.

மாசி மாதம் 60 லிட்டர் கறுப்பு பிளாஸ்டிக் டப் ஒன்றை 650 ரூபாய்க்கு வாங்கி மொட்டை மாடியில் வைத்தேன். நர்சரியிலிருந்து நீல ஆம்பல் கிழங்கு, 250 ரூபாய். ரோஜாவுக்குக் கலப்பது போலச் செம்மண், தொழு உரம், தேங்காய் நார்க் கழிவு மூன்றையும் கலந்து கிழங்கை நட்டுத் தண்ணீர் ஊற்றினேன். நார்க் கழிவு முழுவதும் மிதந்தது. தொழு உரம் அடியில் அழுகிக் குமிழி விட்டது. பத்து நாளில் தண்ணீர் பச்சையாகி, கையை விட்டால் விரல் தெரியவில்லை. கொசு வராமலிருக்க விட்ட கப்பி மீன்கள் பங்குனி வெயிலில் செத்துப் போயின. மீன் தொட்டிக்கு விற்கும் தெர்மாமீட்டர் ஒன்றை 150 ரூபாய்க்கு வாங்கி மிதக்கவிட்டேன். மதியம் இரண்டு மணிக்கு 39 டிகிரி காட்டியது. கிழங்கை எடுத்து ஒரு வாளித் தண்ணீரில் போட்டு நிழலில் வைத்தேன். நல்லவேளை, அழுகவில்லை.

நீர்த்தாவரத்துக்குச் சத்தான மண் தேவையில்லை, கனமான மண்தான் தேவை என்று அதில் தெரிந்துகொண்டேன். உரம் தண்ணீரில் கரைந்தால் செடிக்கு முன்னால் பாசி அதைச் சாப்பிட்டுவிடும். களிமண் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வேரும் அதில் நன்றாக ஊன்றும். கண்மாய் வண்டல்தான் சரி. ஆனால் கண்மாயில் போய் நாமாக அள்ள முடியாது, அதற்கு அனுமதி வேண்டும். தெரிந்த விவசாயி ஒருவர் அனுமதி வாங்கித் தன் வயலில் வண்டல் அடித்திருந்தார். அவரிடம் இரண்டு சாக்கு கேட்டு வாங்கினேன், காசு வாங்கவில்லை.

அடுத்தது தொட்டி. மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் வட்டமான சிமெண்ட் தொட்டி, 3 அடி விட்டம், ஒன்றரை அடி உயரம், 1,800 ரூபாய். குட்டி யானை வண்டி வாடகை 700. அதையும் மாடியில் வைக்கத்தான் நினைத்திருந்தேன். கொத்தனார் அண்ணன் பார்த்துவிட்டுத் தடுத்தார். "மாடில வேணாம்மா. இது கொள்ளுற தண்ணியே முந்நூறு லிட்டர் வரும். முந்நூறு லிட்டர்னா முந்நூறு கிலோ. தொட்டி கனம், மண்ணு கனம் வேற. நடுத் தளத்துல ஏத்துனா விரிசல் விடும்." கீழே கொல்லையில் வேப்பமரத்தடியில் இறக்கச் சொன்னேன். நிழல் இருந்தால் தண்ணீர் சுடாது என்பது என் கணக்கு.

புது சிமெண்ட் தொட்டியில் உடனே செடியோ மீனோ விடக்கூடாது. சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு இறங்கும். மீன் கடைத் தம்பி சொன்ன வழி இது: தொட்டி நிறையத் தண்ணீர் விட்டு வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊறவிட வேண்டும், நாலைந்து நாளுக்கு ஒரு முறை தண்ணீரை மாற்ற வேண்டும். நாற்றம் அடிக்கும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். தண்ணீரின் காரத்தன்மையைக் காட்டும் பி.ஹெச். தாள் 120 ரூபாய்க்கு வாங்கி ஒவ்வொரு முறையும் நனைத்துப் பார்த்தேன். தொடக்கத்தில் கருநீலமாக மாறியது, மூன்றாவது வாரம் எட்டுக்கு வந்து நின்றது. எங்கள் போர்வெல் தண்ணீரே ஏறக்குறைய அவ்வளவுதான். ஆகவே அதற்கு மேல் காத்திருக்கவில்லை. குழாயில் வரும் குளோரின் தண்ணீர் கிடைத்தால் ஒரு நாள் வாளியில் திறந்து வைத்துவிட்டு ஊற்றுகிறேன். அதைப் போர்வெல் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்தால் இலை மேல் வெள்ளைப் படிவு குறைகிறது.

இந்தக் காத்திருப்பில்தான் வெள்ளை அல்லி வந்து சேர்ந்தது. வண்டல் கொடுத்த விவசாயியின் அப்பா, எழுபது வயதைத் தாண்டியவர், வாய்க்காலில் இருந்து ஒரு கிழங்கைப் பிடுங்கி ஈரச் சாக்கில் சுற்றிக் கொடுத்தார். "எலையைத் திருப்பித் தடவிப் பாரு தாயி. அடியில மயிரு மாதிரி இருந்துச்சுன்னா ராத்திரி பூக்குறது. நீ வச்சிருக்கது வழுவழுன்னு இருக்கும், அது பகல்ல பூக்கும்." வீட்டுக்கு வந்து இரண்டையும் தடவிப் பார்த்தேன். வெள்ளை அல்லியின் இலையடி மெல்லிய கம்பளியைத் தொடுவது போலிருந்தது, ஓரத்தில் வரிசையாகப் பல். நீலத்தின் இலை வழுக்கியது. நடுவதற்கும் அவரே சொல்லிக்கொடுத்தார். "குருத்து மண்ணுக்கு மேல தெரியணும். மூடுனீன்னா அழுகிப்போகும்."

14 அங்குல வாய் அகலமுள்ள, 7 அங்குல உயரமுள்ள மண் சட்டி இரண்டு, ஒன்று 180 ரூபாய். வண்டலைக் குழைத்து வாயிலிருந்து இரண்டு அங்குலம் கீழே வரை நிரப்பி, கிழங்கைச் சாய்த்து வைத்து, குருத்தை மட்டும் வெளியே விட்டேன். மேலே ஒரு அங்குலத்துக்குச் சின்ன ஜல்லியும் ஆற்று மணலும், இரண்டும் சேர்த்து 100 ரூபாய். இந்தப் போர்வை இல்லாவிட்டால் மண் கரைந்து தண்ணீர் கலங்கிக்கொண்டே இருக்கும். சட்டிகளை உடனே அடியில் இறக்கவில்லை. செங்கல் அடுக்கி உயர்த்தி, குருத்துக்கு மேல் நான்கு அங்குலம் மட்டும் தண்ணீர் நிற்கும்படி வைத்தேன். இலை தண்ணீர் மட்டத்தைத் தொட்டு விரிந்த பிறகு ஒவ்வொரு செங்கலாக எடுத்தேன்.

ஆனி மாதம் முழுவதும் இலைதான் வந்தது, மொட்டு வரவில்லை. வேப்பம்பழம் கொட்டுகிற காலம். பழம் தின்ன மைனாவும் குயிலும் வந்து கொண்டாடின, தின்றது போக மீதி தொட்டிக்குள் விழுந்து ஊறியது. காலையில் வலைக் கரண்டியால் அரித்து எடுத்தால் சாயங்காலம் மறுபடியும் நிறைந்திருக்கும். வெயில் எவ்வளவு நேரம் விழுகிறது என்று ஒரு நாள் கணக்கு எடுத்துப் பார்த்தேன். இரண்டு மணி நேரம் கூட இல்லை. ஆம்பலுக்கு ஐந்தாறு மணி நேர நேர் வெயில் வேண்டும். முந்நூறு லிட்டரையும் வாளியால் இறைத்துவிட்டு, இரண்டு ஆட்களை வைத்துத் தொட்டியை உருட்டிக் கிழக்குச் சுவருக்கு நகர்த்தினேன். கூலி 800 ரூபாய்.

அங்கே வெயில் கிடைத்தது, ஆனால் ஆடிக் காற்று நேராக அடித்தது. மிதக்கும் இலைகளை அது புரட்டிப் போட்டது. புரண்ட இலையின் அடிப்பக்கம் வெயிலில் ஒரே நாளில் கருகியது. மேற்கில் இரண்டு தென்னங்கிடுகு கட்டித் தடுத்தேன், 60 ரூபாய். அதற்கப்புறம் இலைகள் நிம்மதியாகப் படுத்தன. உரம் மாதம் ஒரு முறை மட்டும். ஐந்தாறு டி.ஏ.பி. குருணையை ஈரக் களிமண்ணில் உருட்டி, செய்தித்தாளில் சுற்றி, வேருக்குப் பக்கத்தில் மூன்று அங்குல ஆழத்தில் விரலால் குத்தி இறக்க வேண்டும். தண்ணீரில் தூவினால் மறுபடியும் பச்சைப் பாசிதான். அசுவினிப் பூச்சி ஏறினால் மருந்து அடிக்கவில்லை. குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி இலையைக் கழுவினால் கீழே விழுவதை மீன் தின்றுவிடுகிறது. மீனுக்கு மறுபடியும் 100 ரூபாய் செலவழித்தேன். சிமெண்ட் தொட்டியில் மதியத் தண்ணீர் 32 டிகிரிக்கு மேல் போகவில்லை, கப்பி பெருகத் தொடங்கியது. கொசுப்புழு பார்க்க வருகிறவர்கள் டார்ச் அடித்துத் தேடிவிட்டு, மீன் இருக்கிறது, சரி என்று போனார்கள்.

குருட்டுக் கொக்கு ஒன்று சுவரில் வந்து உட்காரத் தொடங்கியதும் மீன் குறைந்தது. நைலான் நூலைத் தொட்டியின் வாய்க்குக் குறுக்கும் நெடுக்கும் ஒரு சாண் இடைவெளியில் கட்டினேன். இப்போதும் வருகிறது, பார்த்துவிட்டுப் போகிறது.

முதலில் பூத்தது நீலம்தான், ஆடிக் கடைசியில். அன்று எழுத்து வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்தேன். நோட்டின் இடப் பக்கத்தில் தொட்டிக் குறிப்பு, வலப் பக்கத்தில் நாவல் குறிப்பு என்று வைத்திருந்தேன். இடப் பக்கம் இப்படி இருக்கிறது: "8.20, மொட்டின் நுனி பிளந்தது. 9.10, நான்கு வெளி இதழும் விலகின. 10, முழுப்பூ. மணம் மிக லேசாக, முகத்தைக் கிட்டக் கொண்டுபோனால்தான். 2.30, உள்ளே மடங்கத் தொடங்கியது. 3.40, மூடிவிட்டது."

வலப் பக்கத்தில் அன்று ஒரே ஒரு வரி: "அவள் இதைப் பார்க்கவே மாட்டாள்."

அவள் எட்டு மணி பஸ்ஸில் போய்விடுகிறாள். அப்போது நீலம் மொட்டாக இருக்கும். ஒன்பதரைக்குத் திரும்பும்போது மறுபடியும் மொட்டு. வாரத்தின் ஏழு நாளும் கடை திறந்திருக்கிற பண்டிகைக் காலத்தில் நடக்கும் கதை இது. அந்தப் பூவை விரிந்த நிலையில் அவள் காண்பதற்கு வழியே இல்லை. பூ மார்க்கெட்டிலிருந்து காலை ஒன்பதரை மணிக்கு வந்து படுத்து, மதியம் மூன்று நான்கு மணிக்கு எழுகிற அவனுக்கும் அதை நின்று பார்க்கத் தெம்பு இருக்காது. நிறத்துக்காக எடுத்த பூ, அந்த இருவரின் பிழைப்புக்குப் பொருந்தவில்லை. எழுதி முடித்திருந்த ஏழாவது, எட்டாவது அத்தியாயங்களை எடுத்து ஓரமாக வைத்தேன். நாவலை அச்சுக்கு அனுப்ப ஆறு வாரம் இருந்தது.

நீலத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முதல் நாள் விரிந்த பூவின் நடுவில் ஒரு சின்னக் கிண்ணம் இருக்கிறது, அதில் தெளிவான, லேசாகப் பிசுபிசுக்கும் நீர் நிற்கிறது. மகரந்தக் காம்புகள் அதைச் சுற்றி நேராக நிற்கின்றன. கொசுத்தேனீ ஒன்று மற்றொரு பூவின் மகரந்தத்தைக் காலில் சுமந்துகொண்டு வந்து இறங்கி, வழுக்கி அந்த நீரில் விழுந்தது. அது கொண்டுவந்த தூள் நீரில் கரைந்து பரவியது. தேனீயை ஈர்க்குச்சியால் தூக்கிவிட்டேன். இரண்டாம் நாள் அதே பூவில் கிண்ணத்தில் நீர் இல்லை. காம்புகள் உள்நோக்கி வளைந்து கிண்ணத்தை மூடியிருந்தன, அவற்றின் மேல் மஞ்சள் தூள். முதல் நாள் வாங்குகிறது, அடுத்த நாளிலிருந்து கொடுக்கிறது. இதை நாவலில் எங்கும் வைக்கவில்லை. வைத்தால் பாடம் நடத்துவது போல ஆகிவிடும். ஆனால் அவர்கள் இருவரில் முதலில் பேசுவது யார் என்ற கேள்விக்கு இதைப் பார்த்த பிறகுதான் முடிவெடுத்தேன்.

பிறகு வெள்ளை. குறிப்பு: "6.40, மொட்டு இறுக்கம். 7.15, நுனியில் வெள்ளைக் கீற்று. 7.50, வெளி இதழ் நான்கும் விலகிவிட்டன. 8.30, முழுப்பூ." மறுநாள் காலை எட்டு மணிக்கும் விரிந்தே இருந்தது. ஒன்பதைத் தாண்டி மெல்ல மடங்கிப் பத்து மணிக்கு மூடியது. ஒன்பதரைக்கு பஸ் இறங்கி வருகிறவளுக்குப் பூ தயாராக இருக்கிறது. இரண்டு மணிக்குக் கிளம்புகிறவனுக்கும் இருக்கிறது. அவள் காலையில் கதவைப் பூட்டும்போதும் இருக்கிறது. அவன் மார்க்கெட்டிலிருந்து திரும்பும்போது மூடத் தொடங்கியிருக்கிறது. அவர்களுக்குப் பொதுவாக இருக்கிற எல்லா நேரத்திலும் இந்தப் பூ விழித்திருக்கிறது. நீலத்தை அடித்துவிட்டு அல்லியை எழுதினேன். நீலப் புடவை போனது. அதற்குப் பதில் வெள்ளையில் அரக்கு பார்டர்.

அல்லி நிலவுக்கு மலரும் என்று படித்து வளர்ந்தவள் நான். ஆவணி அமாவாசைக்கும் உட்கார்ந்து பார்த்தேன். அதே நேரம், அதே அகலம். மழை மேகம் மூடிய இரவிலும் அப்படியே. வெளிச்சம் குறைவதுதான் அதற்குக் கணக்கு, நிலவு இருந்தால் நமக்குத் தெரிகிறது, அவ்வளவுதான். எட்டாவது அத்தியாயத்தை அமாவாசைக்கு மாற்றினேன். மின்சாரம் போன காம்பவுண்டில், அவன் கைபேசி வெளிச்சத்தைத் தொட்டிப் பக்கம் திருப்புகிறான், வெள்ளை மட்டும் தெரிகிறது. பௌர்ணமியில் எழுதியிருந்தபோது வராத நெருக்கம் இருட்டில் வந்தது.

கதையில் அவன் அவளுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும். மார்க்கெட்டில் வேலை செய்கிறவன் மல்லிகை கொண்டுவருவது யாரும் எதிர்பார்ப்பது. ஒரு காலை, மூடப்போகும் பூ ஒன்றைத் தண்டோடு நீளமாக அறுத்தேன். சின்ன வயதில் செய்தது கைக்கு நினைவிருந்தது. தண்டை ஒரு அங்குலம் ஒடித்து, முழுக்கப் பிய்த்துவிடாமல் ஒரு பக்கத் தோலோடு கீழே இழுக்க வேண்டும். அடுத்த அங்குலத்தை எதிர்ப் பக்கம். இப்படி மாற்றி மாற்றி ஒடித்துக்கொண்டே போனால், தோல் இழையில் தண்டுத் துண்டுகள் மணிமணியாகத் தொங்கி, இரண்டு சரமாகி, அடியில் பூ பதக்கமாக நிற்கும். ஒடித்த இடத்தில் காற்றுத் துளைகள் வட்டமாகத் தெரியும், ஒரு சொட்டு நீர் வடியும். அரை மணி நேரத்தில் வாடிவிடுகிறது. அவ்வளவு நேரம்தான் நிற்கும் என்பதால் அதைக் கொடுக்கிறவன் வாங்குகிறவளின் முன்னாலேயே நின்று செய்ய வேண்டும். மார்க்கெட்டில் எடை போடும் கைகள் அந்த வேலையைச் செய்வதை இரண்டு பக்கத்துக்கு எழுதினேன். அந்த நாவலில் எனக்கு மிகப் பிடித்த இரண்டு பக்கம் அவை.

நான்கு இரவு விரிந்த பிறகு பூ மறுபடியும் மேலே வருவதில்லை. காம்பு வளைந்து தண்ணீருக்குள் இழுத்துக்கொள்கிறது, காய் அங்கேதான் முற்றுகிறது. புரட்டாசியில் ஒரு காலை, பழைய பூக்காம்பு ஒன்றின் மேல் தட்டானின் கூடு ஒட்டியிருந்தது. முதுகு பிளந்து, உள்ளேயிருந்து வெள்ளை இழைகள் தொங்கின. உள்ளே இருந்தது இரவிலேயே பறந்து போயிருந்தது.

மொத்தச் செலவு 5,090 ரூபாய். அதில் கறுப்பு டப்பும் தெர்மாமீட்டரும் 800, தொட்டியை நகர்த்திய கூலி 800. தொடக்கத்திலேயே வெயில் படும் இடத்தில் சிமெண்ட் தொட்டியை இறக்கியிருந்தால் மூவாயிரத்து ஐந்நூறுக்குள் முடியும்.

அடுத்த முறை இரண்டு ஆம்பலையும் ஒரே தொட்டியில் வைக்க மாட்டேன். வெள்ளை அல்லியின் இலை ஒரு அடி அகலத்துக்குப் பரவி நீலத்தை மூடுகிறது. வாரம் மூன்று நான்கு இலையை வெட்டினால்தான் நீலத்துக்கு வெளிச்சம். நீலத்துக்குத் தனியாக இரண்டரை அடித் தொட்டி பார்த்து வைத்திருக்கிறேன். வண்டலை நன்றாகக் காயவைத்துச் சலித்துத்தான் பயன்படுத்துவேன். இந்த முறை அப்படியே போட்டதில் நத்தை வந்து இளம் இலையை ஓட்டை போடுகிறது. முக்கியமாக, தொட்டியின் அடியில் அரை அங்குலக் குழாயும் வால்வும் வைக்க வேண்டும். முந்நூறு லிட்டரை வாளியால் இறைப்பது முதுகை வாங்குகிறது. அன்று எழுத உட்கார முடிவதில்லை. தை பிறந்ததும் வந்து துளை போட்டுத் தருகிறேன் என்று கொத்தனார் அண்ணன் சொல்லியிருக்கிறார். வால்வு வாங்கி வைத்துவிட்டேன், 140 ரூபாய்.